யூஸ் கேஸ மெஷின் கிட்ட குடுத்து ஓட்டை கண்டுபிடிக்கறது எப்படி: ஒரு பஸ் சீட் புக்கிங் கதை

"பயணி சீட்ட செலக்ட் பண்றார், சிஸ்டம் அந்த சீட்ட 10 நிமிஷம் ஹோல்ட் பண்ணுது, பயணி பணம் கட்றார், சிஸ்டம் டிக்கெட் அனுப்புது." இந்த மாதிரி யூஸ் கேஸ நீங்களும் எழுதிருப்பீங்க, இல்லனா யாரோ எழுதினத மீட்டிங்ல உக்காந்து தலையாட்டி ஓகே சொல்லிருப்பீங்க. நானும் ஓகே சொன்னவன்தான். முன்னாடி வேலை பார்த்த ஒரு எடத்துல, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி பதினோரு மணிக்கு கோயம்பேட்டுல இருந்து சப்போர்ட்டுக்கு போன், நாகர்கோவில் பஸ்ல பதினாலாம் நம்பர் சீட்டுக்கு ரெண்டு பேரு நிக்கறாங்க, ரெண்டு பேரு மொபைல்லயும் டிக்கெட் இருக்கு, ரெண்டு பேருகிட்டயும் பணம் எடுத்தாச்சு. கண்டக்டர் ரெண்டு மொபைலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்பினார். பிஎன்ஆர் வேற வேற, சீட் நம்பர் ஒண்ணு.

லாக் எடுத்து பாத்தா கோட்ல பெருசா தப்பு ஒண்ணும் இல்ல. யூஸ் கேஸ்ல என்ன எழுதிருந்ததோ அப்படியே கோட் போட்டிருந்தாங்க. தப்பு அந்த டாக்குமெண்ட்லயே இருந்துச்சு, ஆறு மாசமா எல்லாரும் படிச்சுட்டுதான் இருந்தோம்.

அதுக்கப்புறம்தான் ஃபார்மல் மெத்தட்ஸ் பக்கம் போனேன், அதாவது சிஸ்டம் எப்படி நடக்கணும்ங்கறத கணக்கு மாதிரி எழுதி மெஷின வச்சு சோதிக்கறது. பேர கேட்டதும் பிஹெச்டி காரங்க சமாச்சாரம், ராக்கெட் விடறவங்களுக்கு மட்டும்னு தோணும், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா யூஸ் கேஸ அலசறதுக்கு வேணுங்கற அளவு ரொம்ப கம்மி, பிளஸ் டூ கணக்குல வர்ற செட்டும், "மற்றும்", "அல்லது", "இப்படி இருந்தா அப்படி" இந்த லாஜிக்கும் தெரிஞ்சா போதும். இத இப்பதான் ஆரம்பிக்கறவங்களுக்காக, நான் எப்படி பண்றேனோ அப்படியே சொல்றேன்.

முதல்ல யூஸ் கேஸ் ஏன் ஏமாத்துதுனு ஒரு வார்த்தை. யூஸ் கேஸ்ங்கற ஐடியாவ இவார் ஜேக்கப்சன் 1987ல ஒரு மாநாட்டு கட்டுரைல கொண்டு வந்தார், அவர் எரிக்சன்ல டெலிபோன் சிஸ்டம் வேலை பார்த்த ஆளு. ஒரு ஆளு சிஸ்டத்துகிட்ட வந்து ஒரு காரியத்த முடிச்சுட்டு போற கதை, அவ்ளோதான். கதையா இருக்கறதால எல்லாருக்கும் புரியும், கஸ்டமருக்கும் புரியும், அதுதான் அதோட பலம். ஆனா கதைல ஒரு ஆளுதான் ஹீரோ, 1, 2, 3னு வரிசையா நடக்கும். நிஜத்துல அதே நேரத்துல இன்னொருத்தர் அதே கதைல ரெண்டாவது வரில நிப்பார், பேங்க்ல இருந்து வர வேண்டிய பதில் லேட்டா வரும், டைமர் நடுவுல அடிக்கும். ரெண்டு பேரு ஆளுக்கு அஞ்சு ஸ்டெப்னு வச்சுக்கிட்டா, அந்த பத்து ஸ்டெப்ப ஒண்ணோட ஒண்ணு கலந்து போடறதுக்கு 252 வழி இருக்கு. மூணு பேருனா 7,56,756. நீங்க டாக்குமெண்ட் படிக்கும்போது மனசுல ஓடறது அதுல ஒண்ணே ஒண்ணு.

இது நம்ம ஊரு டீம்களுக்கு மட்டும் நடக்கறது இல்ல. நீதம்–ஷ்ரோடர்னு ஒரு பாதுகாப்பு புரோட்டோகால், ரெண்டு பேரு நெட்வொர்க்ல ஒருத்தர ஒருத்தர் யாருனு உறுதி பண்ணிக்கற முறை, 1978ல வந்துச்சு, முக்கியமான பகுதி மூணே மெசேஜ்தான், பெரிய பெரிய ஆளுங்க படிச்சு பாத்தது. 17 வருஷம் கழிச்சு 1995ல கேவின் லோவ் அதுல ஒரு ஓட்டைய காட்டினார், அடுத்த வருஷம் எஃப்டிஆர்ங்கற மாடல் செக்கர (நடக்க முடிஞ்ச எல்லா வரிசையையும் தானே ஓட்டி பாக்கற டூல்) வச்சு மெஷினாலயே அத கண்டுபிடிக்க முடியும்னும் காட்டினார். ஓட்டை எங்கன்னா, ரெண்டு உரையாடல் ஒரே நேரத்துல நடந்து, நடுவுல ஒருத்தன் இந்த பக்கம் வாங்கினத அந்த பக்கம் குடுக்கறான். ஒரு உரையாடல மட்டும் தனியா எடுத்து எத்தன தடவ படிச்சாலும் கண்ணுல படாது. நம்ம பதினாலாம் சீட்டும் அதே கதைதான்.

சரி வேலைக்கு வருவோம்.

யூஸ் கேஸ எடுத்து எதிர்ல வைங்க

நம்ம உதாரணம் இது. நிஜ டாக்குமெண்ட் நாலு பக்கம் இருந்துச்சு, சாறு மட்டும் குடுக்கறேன்.

1. பயணி ஒரு காலி சீட்ட செலக்ட் பண்றார்.
2. சிஸ்டம் அந்த சீட்ட அவர் பேர்ல 10 நிமிஷம் ஹோல்ட் பண்ணுது.
3. பயணி பேமெண்ட் கேட்வேக்கு (நமக்காக பணம் வாங்கற வெளி சிஸ்டம்) போய் பணம் கட்றார்.
4. கேட்வே சக்சஸ்னு சொல்லுது.
5. சிஸ்டம் சீட்ட உறுதி பண்ணி டிக்கெட் அனுப்புது.
3அ. 10 நிமிஷம் தாண்டிருச்சுனா சிஸ்டம் ஹோல்ட எடுத்துருது.
4அ. பேமெண்ட் ஃபெயில்னா சிஸ்டம் சீட்ட விடுவிக்குது.

படிச்சா என்ன குறைனு தோணுது? ஒண்ணும் தோணாது. ரெவ்யூல யாரும் கை தூக்கல.

எது மாறுதோ அத மட்டும் எழுதுங்க

கம்ப்யூட்டர தொடாதீங்க, பேப்பர் எடுங்க. இந்த கதைல நேரம் போகப் போக எதெது மாறுது? சீட் நிலைமை மாறுது: காலி, இன்னார் ஹோல்ட், இன்னாருக்கு உறுதி. ஒவ்வொரு பயணிக்கும் பணத்தோட நிலைமை மாறுது: கட்டல, போயிட்டிருக்கு, வந்துருச்சு, திருப்பி குடுத்தாச்சு. டிக்கெட் இருக்கா இல்லயா. அவ்ளோதான்.

பயணி பேரு, வயசு, பஸ் நம்பர், ஏசியா நான் ஏசியா, போர்டிங் பாயிண்ட், கூப்பன் கோடு, எதுவும் வேணாம். புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு டேட்டாபேஸ் டேபிள அப்படியே கொண்டு வந்து வைக்கறது. "இந்த ஒண்ணு இல்லனா நான் கேக்கப்போற கேள்விக்கு பதில் மாறுமா"னு ஒவ்வொண்ணையும் கேளுங்க, மாறாதுனா தூக்கிருங்க.

எத்தன சீட்டு? ஒண்ணு போதும். எத்தன பயணி? ரெண்டு. முருகன், செல்வினு வச்சுக்குவோம். நாப்பது சீட்டு பஸ்ஸ போட்டாதான் நிஜம்னு நெனக்காதீங்க, பெரும்பாலான தப்புங்க ரொம்ப சின்ன உதாரணத்துலயே மாட்டிக்கும்ங்கறது இந்த துறைல பழைய அனுபவம், அமெரிக்காவுல இருக்கற எம்ஐடில அலாய்ங்கற மாடல் சோதிக்கற டூல உருவாக்கின டேனியல் ஜாக்சன் இத ஒரு கொள்கையாவே வச்சிருக்கார். நம்ம மாடல்ல சீட்டுக்கு 5 நிலை (காலி 1, ஹோல்ட் 2, உறுதி 2), பணத்துக்கு ஆளுக்கு 4, அதாவது 16, டிக்கெட்டுக்கு 4. பெருக்கினா 320. எப்படி ஆடினாலும் 320 நிலைமைக்கு மேல கிடையாது, மெஷினுக்கு இது கண்ண மூடி திறக்கற வேலை.

ஒவ்வொரு வரியையும் ரெண்டா பொளங்க

இதுதான் முக்கியமான படி, இங்க நேரம் செலவு பண்ணுங்க. யூஸ் கேஸோட ஒவ்வொரு வரிக்கும் ரெண்டே கேள்வி: இது எப்போ நடக்கலாம், நடந்தா என்ன மாறும். 1969ல டோனி ஹோர் புரோகிராம்களுக்கு முன் நிபந்தனை, பின் நிபந்தனைனு எழுதி காட்டினாரே, அதோட வீட்டு வெர்ஷன். நான் இப்படி எழுதுவேன், "ப"னா யாரோ ஒரு பயணி:

சீட் எடு (ப). எப்போ: சீட் காலி, ப இன்னும் பணம் கட்டல. மாறுவது: சீட் = ப ஹோல்ட்.

பணம் ஆரம்பி (ப). எப்போ: சீட் = ப ஹோல்ட், பணம் = கட்டல. மாறுவது: பணம் = போயிட்டிருக்கு.

டைம்அவுட். எப்போ: சீட் யாரோ ஒருத்தர் ஹோல்ட்ல இருக்கு. மாறுவது: சீட் = காலி.

சக்சஸ் வந்துச்சு (ப). எப்போ: ப-வோட பணம் போயிட்டிருக்கு. மாறுவது: பணம் = வந்துருச்சு, சீட் = ப-க்கு உறுதி, ப-க்கு டிக்கெட் உண்டு.

ஃபெயில் வந்துச்சு (ப). எப்போ: ப-வோட பணம் போயிட்டிருக்கு. மாறுவது: பணம் = கட்டல, சீட் = காலி.

இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, 10 நிமிஷம்ங்கற நம்பரே காணாம போயிருச்சு. டைம்அவுட் எப்ப வேணா அடிக்கலாம்னு விட்டுட்டோம், ஏன்னா 10 நிமிஷம்னு எழுதினாலும் பேங்க் சர்வர் எத்தன நிமிஷம் எடுக்கும்னு நமக்கு தெரியாதே. "எப்ப வேணா"ங்கறது எல்லா நிமிஷத்தையும் சேத்து புடிச்சுரும். ரெண்டாவது, டாக்குமெண்ட்ல இல்லாதத நீங்களா சேக்காதீங்க. "சக்சஸ் வந்துச்சு"ல "எப்போ" எழுதும்போது சீட் இன்னும் ப கிட்டதான் இருக்கும்னு கை தானா எழுத பாக்கும். கேட்வேல இருந்து வர்ற மெசேஜ் நம்ம சீட்டு யார்கிட்ட இருக்குனு பாத்தா வருது? அது பாட்டுக்கு வரும். வெளிய இருந்து வர்ற எதுக்கும் நம்ம பக்கத்து நிபந்தனைய போட்டு தடுக்க முடியாது, வந்தப்புறம் என்ன பண்றதுங்கறது மட்டும்தான் நம்ம கைல.

உண்மைய சொல்லணும்னா பாதி ஓட்டை இந்த பேப்பர் வேலைலயே தெரிஞ்சுரும். டைம்அவுட்டையும் சக்சஸையும் அடுத்தடுத்து எழுதும்போதே எனக்கு வயித்த கலக்கிருச்சு. டூல் இன்ஸ்டால் பண்ண நேரமே இல்லனா இது வரைக்குமாவது பண்ணுங்க.

எது எப்பவும் உண்மையா இருக்கணும்?

அடுத்தது, எந்த நிமிஷம் படத்த நிறுத்தி பாத்தாலும் உண்மையா இருக்க வேண்டிய விஷயங்கள். இதுக்கு இன்வேரியன்ட்னு பேரு. டெவலப்பர் கிட்ட கேக்காதீங்க, கவுன்டர்ல உக்காந்திருக்கறவர் கிட்டயும் கண்டக்டர் கிட்டயும் கேளுங்க, "எது நடந்தா உங்களுக்கு சண்ட வரும்"னு. எனக்கு கெடச்சது:

ஒரே சீட்டுக்கு ரெண்டு பேரு கைல டிக்கெட் இருக்க கூடாது. டிக்கெட் இருக்கறவருக்கு அந்த சீட்டு உறுதியா இருக்கணும். பணம் வந்துருச்சுனா டிக்கெட் இருக்கணும். டிக்கெட்டும் ரீஃபண்டும் ஒரே ஆளுகிட்ட சேந்து இருக்க கூடாது.

நாலாவத முதல்ல நான் எழுதவே இல்ல, அக்கவுண்ட்ஸ்ல இருந்த அக்கா ஒருத்தங்க சொன்னாங்க. அது எவ்ளோ முக்கியம்னு பின்னாடி பாப்பீங்க.

"சிஸ்டம் வேகமா இருக்கணும்", "ஈஸியா இருக்கணும்" இதெல்லாம் இங்க வராது. ஆமா இல்லனு பதில் சொல்ல முடியற வாக்கியமா இருக்கணும்.

டூல் எது?

நான் டிஎல்ஏ பிளஸ் எடுத்தேன், இந்த மாதிரி நிபந்தனைகள மெஷினுக்கு புரியற மாதிரி எழுதற மொழி. லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கினது, 2013 டூரிங் விருது வாங்கினவர். அமேசான் வெப் சர்வீசஸ் ஆளுங்க இத எப்படி யூஸ் பண்றாங்கனு 2015ல ஒரு கட்டுரையே எழுதினாங்க, அவங்க டேட்டாபேஸ் சர்வீஸான டைனமோடிபில ஒரு பக், அது வெளிய வர்றதுக்கு குறைஞ்சது 35 ஸ்டெப் சரியா அந்த வரிசைல நடக்கணும், மாடல் செக்கர் அத புடிச்சுதுனு அதுல இருக்கு. 35 ஸ்டெப் டெஸ்ட் கேஸ எந்த க்யூஏ (சாஃப்ட்வேர சோதிக்கறவங்க) உக்காந்து யோசிப்பாங்க சொல்லுங்க.

வரிசைதான் உங்க பிரச்சனைனா டிஎல்ஏ பிளஸ். யாரு எத பாக்கலாம், எந்த ரோலுக்கு எந்த பர்மிஷன், யாருக்கு கீழ யாருங்கற மாதிரி உறவுதான் பிரச்சனைனா அலாய் சுகமா இருக்கும், படமா வரைஞ்சு காட்டும். 2021ல வந்த அலாய் 6ல நேர வரிசையும் எழுதலாம். ரெண்டும் இலவசம், ரெண்டுக்கும் ஜாவா வேணும். விஎஸ் கோட்ல டிஎல்ஏ பிளஸ் எக்ஸ்டென்ஷன் இருக்கு, அத போட்டா மாடல் செக்கரும் (அதுக்கு டிஎல்சினு பேரு) கூடவே வந்துரும். எது நல்லதுனு ஒரு வாரம் வீடியோ பாத்துட்டு உக்காராதீங்க, எதையாவது எடுத்து ஆரம்பிங்க.

மேல பேப்பர்ல எழுதின அஞ்சையும் அப்படியே அதுல எழுதலாம். "எப்போ" பகுதி ஒரு நிபந்தனை, "மாறுவது" பகுதில மாறியோட பேருக்கு பக்கத்துல ஒரு ஒத்த மேற்கோள் குறி போட்டா "அடுத்த நிலைமைல இதோட மதிப்பு"னு அர்த்தம். புதுசா வர்றவங்கள கடுப்பேத்தற ஒரு விஷயம், எது மாறலையோ அதையும் "மாறல"னு சொல்லணும். சொல்லலனா டிஎல்சி திட்டும். முதல் நாள் எரிச்சலா இருக்கும், ரெண்டாவது நாள் புரியும், யூஸ் கேஸ் எழுதறவங்க யாருமே "இந்த ஸ்டெப்ல வேற எதுவும் மாற கூடாது"னு எழுதறதே இல்ல, படிக்கறவங்க ஆளுக்கு ஒண்ணா நெனச்சுக்குவாங்க.

ஓட்டுங்க

முதல் தடவ ஓட்டினதும் அனேகமா "டெட்லாக்"னு செவப்புல வரும், பயந்துராதீங்க. முருகன் சீட்டு எடுத்தார், பணம் கட்டினார், டிக்கெட் வந்துச்சு, அவ்ளோதான் கதை முடிஞ்சுது, செல்விக்கு எடுக்க சீட்டே இல்ல. யாருக்கும் அடுத்து பண்ண ஒண்ணும் இல்லாததால டிஎல்சி அத முட்டிக்கிட்டு நிக்குதுனு சொல்லுது. நமக்கு அது முடிவு. டெட்லாக் செக்க ஆஃப் பண்ணிட்டு திரும்ப ஓட்டுங்க. நான் இந்த ஒண்ணுக்கு அரை நாள் வேஸ்ட் பண்ணினேன்.

இப்ப வர்றது நிஜ ஓட்டை. ரெண்டு பேருகிட்ட டிக்கெட் இருக்க கூடாதுங்கறது ஒடஞ்சுருச்சுனு சொல்லி, எப்படி ஒடஞ்சுதுனு ஸ்டெப் ஸ்டெப்பா காட்டும்:

முருகன் சீட் எடுத்தார்.
முருகன் பணம் ஆரம்பிச்சார்.
டைம்அவுட், சீட் காலி.
செல்வி சீட் எடுத்தாங்க.
செல்வி பணம் ஆரம்பிச்சாங்க.
செல்விக்கு சக்சஸ், டிக்கெட்.
முருகனுக்கு சக்சஸ், டிக்கெட்.

ஏழே ஸ்டெப். கோயம்பேட்டுல நின்னுட்டிருந்த ரெண்டு பேரோட லாக்கும் கிட்டத்தட்ட இதேதான், அதுல முருகன் இடத்துல இருந்தவருக்கு பேங்க் ஓடிபி வர பன்னெண்டு நிமிஷம் ஆயிருந்துச்சு. ஆறு மாசம், நாலு ரெவ்யூ, ஒரு க்யூஏ டீம் எல்லாம் விட்டத இது ரெண்டு செகண்ட்ல சொல்லிருச்சேனு கொஞ்சம் அவமானமாவே இருந்துச்சு.

இந்த டிரேஸ அப்படியே எடுத்து பிசினஸ் அனலிஸ்ட் கிட்ட காட்டுங்க. லாஜிக் குறியீடு எதையும் காட்டாதீங்க, இந்த ஏழு வரி போதும், இதுவும் ஒரு கதைதானே, அவங்களுக்கு பழகின பாஷை.

சரி பண்றது, திரும்ப ஒடையறது

முதல் மருந்து: சக்சஸ் வந்தா, சீட் இன்னும் அவர் ஹோல்ட்ல இருந்தா மட்டும் உறுதி பண்ணு, இல்லனா ரீஃபண்ட். மாடல்ல மாத்தி ஓட்டுங்க. முதல் ஓட்டை மூடிரும். ஆனா இன்னொண்ணு வரும், டிக்கெட் இருக்கறவருக்கு சீட்டு உறுதியா இல்லனு. முருகன் எடுத்து பணம் ஆரம்பிச்சார், டைம்அவுட், செல்வி எடுத்து பணம் கட்டி டிக்கெட் வாங்கிட்டாங்க, அதுக்கப்புறம் முருகனோட பேமெண்ட் ஃபெயில்னு மெசேஜ் வருது, 4அ என்ன சொல்லுது, "பேமெண்ட் ஃபெயில்னா சீட்ட விடுவி". சிஸ்டம் செல்வியோட சீட்ட விடுவிச்சுருச்சு! யாரோட சீட்டனு அந்த வரில எழுதவே இல்லயே. இதுவும் ஏழு ஸ்டெப்தான்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது இன்வேரியன்ட எழுதாம முதல் ஒண்ண மட்டும் வச்சிருந்தா இதே தப்பு பத்தாவது ஸ்டெப்லதான் வெளிய வந்திருக்கும், காலியா கெடக்கற சீட்ட முருகன் மறுபடி எடுத்து, பணம் கட்டி, டிக்கெட் வாங்கற வரைக்கும் போகணும். இன்வேரியன்ட நெருக்கமா எழுதினா தப்பு நடந்த எடத்துலயே புடிக்கும், தூரமா எழுதினா பத்து ஸ்டெப்ப படிச்சு எங்க கோணலாச்சுனு நீங்கதான் தேடணும்.

ரெண்டாவது மருந்து: ஃபெயில் வந்தா, சீட் அவர் ஹோல்ட்ல இருந்தா மட்டும் விடுவி. ஓட்டுங்க, எல்லாம் பச்சை.

நான் சந்தோஷமா டீ குடிக்க போயிட்டேன். திரும்பி வந்து பேமெண்ட் பக்கம் வேலை செய்யற ஒரு தம்பி கிட்ட காட்டினா, "அண்ணே, கேட்வே ஒரே சக்சஸ ரெண்டு மூணு தடவ அனுப்பும்ணே, நம்ம சர்வர் பதில் சொல்ல லேட்டானா திரும்ப அனுப்புவாங்க"ன்றான். நியாயம். நான் வெளி உலகத்த ரொம்ப நல்லவனா எழுதிட்டேன். "சக்சஸ் வந்துச்சு"ல "எப்போ" பகுதில, பணம் ஏற்கனவே வந்துருந்தாலும், திருப்பி குடுத்திருந்தாலும் இந்த மெசேஜ் இன்னொரு தடவ வரலாம்னு மாத்தினேன். ஓட்டினா நாலே ஸ்டெப்ல விழுந்துச்சு: முருகன் எடுத்தார், பணம் ஆரம்பிச்சார், சக்சஸ், டிக்கெட். மறுபடி அதே சக்சஸ். சீட் இப்ப முருகன் "ஹோல்ட்"ல இருக்கா? இல்ல, "உறுதி"ல இருக்கு. ஹோல்ட்ல இல்லனா என்ன பண்ணணும்னு நம்ம மருந்து சொல்லுது? ரீஃபண்ட். முருகன் கைல டிக்கெட்டும் இருக்கு, காசும் திரும்பி வந்துருச்சு, தீபாவளிக்கு ஓசில ஊருக்கு போறார். அக்கவுண்ட்ஸ் அக்கா சொன்ன நாலாவது இன்வேரியன்ட் இல்லனா இது பச்சையாவே காட்டிருக்கும்.

கவனிங்க, இந்த தப்பு பழைய டாக்குமெண்ட்ல கிடையாது. நான் போட்ட மருந்தால வந்தது. அதனாலதான் ஒவ்வொரு மாத்தத்துக்கும் எல்லா இன்வேரியன்டையும் மறுபடி ஓட்டணும், ஒண்ண சரி பண்ணிட்டு அந்த ஒண்ண மட்டும் பாத்துட்டு போக கூடாது.

மூணாவது மருந்து: ஏற்கனவே அவருக்கு டிக்கெட் இருந்தா அந்த மெசேஜ கண்டுக்காத. இப்ப நிஜமாவே பச்சை.

பச்சை வந்துருச்சுனு ஆடாதீங்க

பச்சைனா நீங்க எழுதின உலகத்துல தப்பு இல்லனு அர்த்தம். நான் எழுதாதது நெறய இருக்கு. முருகன் ரெண்டு டேப் தெறந்து ரெண்டு தடவ பணம் கட்டறது இந்த மாடல்ல நடக்கவே முடியாது, ஏன்னா பணத்த ஆளுக்கு ஒண்ணுனு வச்சிருக்கேன், பேமெண்ட்டுக்கு ஒண்ணுனு வைக்கல. ரீஃபண்ட "ஆச்சு / ஆகல"னு வச்சிருக்கேன், அதனால லேட்டா வந்த சக்சஸ் ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவ ரீஃபண்ட் போனாலும் மாடலுக்கு அது ஒண்ணாத்தான் தெரியும். அத பாக்கணும்னா ரீஃபண்ட எண்ணிக்கையா மாத்தணும், ரெண்டு வரைக்கும் எண்ணினா போதும், அதுக்கு மேல விட்டா மெஷின் முடிவில்லாம எண்ணிக்கிட்டே போகும்.

நான் இத டாக்குமெண்ட் கடைசில "இந்த மாடல் பாக்காதது"னு ஒரு பத்தியா எழுதி வச்சுருவேன். இல்லனா மூணு மாசம் கழிச்சு யாராவது "அதான் ஃபார்மலா ப்ரூவ் பண்ணியாச்சே"னு மீட்டிங்ல சொல்லுவாங்க. என் காதால கேட்டிருக்கேன்.

இன்னொரு சோதனையும் பண்ணுங்க: வேணும்னே ஒரு மருந்த எடுத்துட்டு ஓட்டுங்க. செவப்பு வரணும். வரலனா உங்க இன்வேரியன்ட் எங்கயோ தூங்குது, அதுல எழுத்துப்பிழை இருக்கலாம், இல்ல அந்த ஸ்டெப் நடக்கவே முடியாத மாதிரி "எப்போ"ல எதையாவது எழுதிருப்பீங்க. ஒண்ணுமே நடக்காத மாடல் எப்பவும் பச்சையாத்தான் இருக்கும்.

"கடைசில நடக்குமா"ங்கற கேள்வி

இது வரைக்கும் பாத்தது கெட்டது நடக்க கூடாதுங்கறது. நல்லது நடந்தே ஆகணும்ங்கறது தனி வகை: பணம் போயிட்டிருக்குனா, கடைசில டிக்கெட்டோ ரீஃபண்டோ ஃபெயில்ங்கற பதிலோ ஒண்ணு கெடச்சே ஆகணும். ஆரம்பத்துல இத தொடாதீங்க, மேல சொன்னது கை வந்தப்புறம் வாங்க. ஏன்னா முதல் தடவ ஓட்டினதும் டிஎல்சி காட்டற டிரேஸ் "முருகன் பணம் ஆரம்பிச்சார், அதுக்கப்புறம் ஒண்ணுமே நடக்கல, எல்லாரும் சும்மா இருந்தாங்க"ங்கறதுதான். அது தப்பு இல்ல, யாரும் எதையும் கண்டிப்பா பண்ணணும்னு நீங்க சொல்லலையே. "இந்த ஸ்டெப் நடக்க வாய்ப்பு இருந்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் நடந்தே தீரும்"னு சொல்லணும், இதுக்கு ஃபேர்னஸ்னு பேரு.

ஃபேர்னஸ யாருக்கு குடுக்கறதுங்கறதுல இருக்கு சூட்சுமம். நம்ம சிஸ்டம் பண்ற டைம்அவுட்டுக்கு குடுக்கலாம், அது நம்ம பொறுப்பு. பயணிக்கு குடுக்க கூடாது, அவர் சீட்ட எடுத்துட்டு போன கீழ வச்சுட்டு சாப்பிட போயிருவார். கேட்வேக்கு? குடுத்தா பச்சை வந்துரும், ஆனா "கேட்வே எப்பவாவது பதில் சொல்லியே தீரும்"னு நீங்க கையெழுத்து போட்டு குடுத்த மாதிரி. நம்ம யூஸ் கேஸ்ல அதுக்கு ஒரு வரியும் இல்ல, பதிலே வரலனா என்ன பண்றதுனு யாரும் யோசிக்கல. கேட்வேக்கு குடுக்காம ஓட்டினா முருகனோட பணம் காலத்துக்கும் "போயிட்டிருக்கு"லயே நிக்கும். அப்ப புதுசா ஒரு ஸ்டெப் வேணும், குறிப்பிட்ட நேரம் கழிச்சு சிஸ்டமே கேட்வே கிட்ட போய் "அந்த பணம் என்னாச்சு"னு கேக்கணும். எத்தன நிமிஷம் கழிச்சு, எத்தன தடவனு டூல் சொல்லாது, பிசினஸ் ஆளுங்களத்தான் கேக்கணும். நாங்க கேட்டப்ப அவங்களே ரெண்டு நாள் சண்ட போட்டாங்க.

திரும்ப யூஸ் கேஸுக்கு

கண்டுபிடிச்சத டிஎல்ஏ ஃபைல்ல வச்சுக்கிட்டு உக்காந்தா பிரயோஜனம் இல்ல, டாக்குமெண்ட்ல தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ வரியா ஏறணும். எங்களுக்கு இப்படி ஏறுச்சு:

4அ. பேமெண்ட் ஃபெயில்: சீட் இன்னும் அந்த பயணி ஹோல்ட்ல இருந்தா மட்டும் விடுவிக்கணும்.
4ஆ. ஹோல்ட் போனப்புறம் சக்சஸ் வந்தா: டிக்கெட் கிடையாது, முழு பணமும் ரீஃபண்ட், பயணிக்கு காரணத்தோட எஸ்எம்எஸ்.
4இ. டிக்கெட் குடுத்தப்புறம் அதே சக்சஸ் மறுபடி வந்தா: ஒண்ணும் பண்ண வேணாம்.
4ஈ. பதிலே வரலனா: சிஸ்டம் கேட்வே கிட்ட நிலைமைய கேக்கணும்.

ஏழு ஸ்டெப் டிரேஸ் ரெண்டையும், நாலு ஸ்டெப் ஒண்ணையும் அப்படியே க்யூஏ கிட்ட குடுத்து டெஸ்ட் கேஸா மாத்த சொன்னோம். மாடல்ல சரியா இருக்கறது கோட்லயும் சரியா இருக்கும்னு யாரும் உறுதி குடுக்கல, கோட சோதிக்கற வேலை அப்படியேதான் இருக்கு, ஆனா எத சோதிக்கணும்னு இப்ப தெரியும்.

எத்தன நேரம் ஆகும்னு கேப்பீங்க. முதல் தடவ எனக்கு ஒரு வாரம், அதுல பாதி டூலோட மல்லுக்கட்டினது. இப்ப இந்த சைஸ் யூஸ் கேஸுக்கு ஒரு நாள். எல்லா யூஸ் கேஸுக்கும் பண்ணாதீங்க. "பயணி தன் ப்ரொஃபைல் போட்டோவ மாத்தறார்"ங்கறதுக்கெல்லாம் மாடல் எழுதினா ஆபீஸ்ல சிரிப்பாங்க. ஒரே பொருளுக்கு ரெண்டு பேரு போட்டி போடறது, பணம் நகர்றது, வெளி ஆளு பதிலுக்கு காத்திருக்கறது, டைமர் அடிக்கறது, இந்த நாலுல ரெண்டு இருந்தா எடுங்க.

கை பழக ஒண்ணு சொல்றேன், டிக்கெட் கேன்சல் பண்ற யூஸ் கேஸ இதே மாடல்ல ஆறாவது ஸ்டெப்பா சேருங்க: டிக்கெட் இருந்தா, சீட் காலி, டிக்கெட் போச்சு, ரீஃபண்ட் ஒண்ணு கூடுது. ரீஃபண்ட மறக்காம எண்ணிக்கையா மாத்திட்டு, ஒருத்தருக்கு ஒண்ணுக்கு மேல போக கூடாதுனு இன்வேரியன்ட் எழுதி ஓட்டுங்க. நம்ம மூணாவது மருந்து "டிக்கெட் இருந்தா கண்டுக்காத"னுதான சொல்லுது, கேன்சல் பண்ணினவர்கிட்ட இப்ப டிக்கெட் இல்ல, அந்த நேரம் பாத்து கேட்வே பழைய சக்சஸ மறுபடி அனுப்புது.